மேட்டுப்பாளையம் ஆர்டர்

அந்த ஜன்னலக் கொஞ்சம் மூடிக்கங்க தம்பி. குஞ்சப்பனை தாண்டுனதும் தொறந்துக்கலாம், அதுக்கப்புறம் வேர்க்க ஆரம்பிச்சிரும். காலத் தாராளமா டின் மேல வெச்சுக்கங்க. நம்ம டின்னுதான். ரெண்டும் நம்மளுதுதான். உள்ள பூரா வர்க்கி, அடுக்கடுக்கா மொறுமொறுன்னு இருக்குமே, நம்ம மலை பிஸ்கட்டு. இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கங்க, வழியில திங்க பையில தனியா வெச்சிருக்கேன். அட, சும்மா எடுத்துக்கங்க. கண்டக்டர்ட்டக் குடுக்கலாம்னா அவர் என்னப் பாத்தாலே படிக்கட்டுப் பக்கம் போயிர்றார். போன வாரம் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார், "ஏனுங் சார், எங்கூட்டு நாயே இப்பெல்லாம் வர்க்கியப் பாத்தா எந்திரிச்சுப் போயிருதுங்"னு.

வியாபாரமான்னு கேக்கறீங்களா? வியாபாரம் இல்லீங்க. இது எங்க வீட்ட சூடா வெச்சுக்கறதுக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு, இதச் சூட்டுச் செலவுன்னு நெனச்சிராதீங்க. இது பலகாரச் செலவு. சூட்டுக்குன்னு நான் இன்னிக்கு வரைக்கும் ஒத்தப் பைசா செலவழிச்சது கெடையாது.

நான் ராஜபாளையம். பேரு தெய்வசிகாமணி. மில்லுல ஸ்டோர்ஸ் பாத்துட்டு இருந்தேன். ஆயுசு பூரா வெயில்ல வெந்தது போதும்னு, ரிட்டையர் ஆனதும் கோத்தகிரில ஒரு சின்ன வீட்ட வாங்கிட்டு வந்துட்டேன். வந்த அன்னிக்கே விறகுக் கடைக்காரர் வாசல்ல நிக்கிறார், குளிருக்கு எத்தன லோடு போடட்டும்னு. அக்கம்பக்கத்துல ஹீட்டர் வாங்குங்கன்னாங்க. கரண்டு பில்லு எவ்வளவு வரும்னு ஆளாளுக்கு ஒரு தொகை சொல்லிப் பயமுறுத்துனாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஏங்க, நான் ராஜபாளையத்துக்காரன். சூட்டக் காசு குடுத்து வாங்கறதா? அத எப்படிடா தொலைக்கறதுன்னு ஃபேனுக்கும் மோருக்கும் எளநீருக்கும் சம்பாதிச்சதுல பாதியக் குடுத்தவன் நான். இப்ப அதையே திரும்ப வெல குடுத்து வாங்குன்னா என்ன நியாயம்? சூட்டுக்குன்னு பைசா எடுக்க மாட்டேன்னு தெருவுல நின்னு சத்தமா சொல்லிட்டேன். விறகுக்காரர் கோவிச்சுக்கல. "மார்கழில பாக்கலாங் சார்"னுட்டுப் போனார்.

வீட்டம்மா பேரு மங்கையர்க்கரசி. அவளுக்கு மலைக்கு வர்றதுல இஷ்டமே இல்ல. மக விருதுநகர்ல இருக்கா, அங்கன போயிரலாம்னுதான் சொன்னா. நான் கேக்கல. குளிர் ஆரம்பிச்சதும் அவ விரலெல்லாம் கணுக்கணுவா வீங்கிருச்சு. ஒரு டம்ளரப் புடிக்க முடியல. டாக்டர் பாத்துட்டு, கை எப்பவும் சூட்லயே இருக்கணும், குளிர் ஆகவே ஆகாதுன்னுட்டார். அவ ஜாஸ்தி பேச மாட்டா தம்பி. அன்னிக்குப் பொடவைய மடிச்சுக்கிட்டே ஒரே ஒரு பேச்சுதான் பேசுனா. "வீடு கதகதன்னு இருந்தா இருக்கேன். இல்லன்னா மக வீட்டுக்குப் போயிருவேன். நீங்க ஒங்க மலையிலயே இருங்க."

அவ இல்லாம என்னால இருக்க முடியாது. சோத்துக்காகச் சொல்லல, சமையல் எனக்கே தெரியும். சும்மா அவ பாட்டுக்கு வீட்டுக்குள்ள இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டு இருக்கணும், எனக்கு அது போதும். ஆனா விறகு வாங்க மாட்டேன்னு தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கேனே, அத என்ன செய்ய?

அப்பத்தான் தெய்வாதீனமா அந்தச் சுவரு அகப்பட்டுச்சு.

எங்க வீட்ட ஒட்டி மஸ்தான் பாய் வர்க்கிக் கடை. விறகு அடுப்பு. எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவருதான். நான் ஒரு நா நகம் வெட்ட உக்காந்து முதுகச் சாய்க்கிறேன், சுவரு இதமா சுடுது! மங்கையக் கூப்புட்டுக் கைய வெச்சுப் பாக்கச் சொன்னேன். அவ வெச்ச கைய எடுக்கவே இல்ல. அப்படியே நின்னா.

அன்னிக்கே கட்டில அங்க நகத்துனேன். அப்புறம் டிவிய. அப்புறம் சாப்புடறது அங்க, காய் நறுக்குறது அங்க, துணி காயப்போடறது அங்க. மலையில மாவு புளிக்கவே புளிக்காது, தெரியும்ல? எங்க வீட்ல பொங்கி வழிஞ்சுச்சு, மாவுப் பானை என் தலமாட்டுல. சாமி படத்தையெல்லாம் கழட்டி அந்தச் சுவத்துலயே மாட்டுனேன். தெசை சரியில்லன்னு மங்கை முணுமுணுத்தா. சாமிக்கும் குளிரும்லன்னேன். யாராச்சும் வந்தா எல்லாரும் வரிசையா முதுகச் சாச்சு உக்காந்து எதிர்ச் சுவத்தப் பாத்துக்கிட்டுப் பேசுவோம். ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க முடியாது, அது ஒண்ணுதான் குறை. அப்புறம் சுவரு ரொம்ப மெல்லிசு. அந்தப் பக்கம் பாய் இருமுனா இந்தப் பக்கம் நம்ம நெஞ்சு வலிக்கும்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு. பாய் ஒரு நா வீட்டு விசேஷத்துப் பிரியாணி குடுக்க வந்தவர் எங்க வரிசையப் பாத்துட்டார். "என்ன சார், நம்ம அடுப்புலதான் குடும்பமே குளிர் காயுதா? நல்லது நல்லது"ன்னு சிரிச்சார். அதோட விட்டிருக்கலாம்ல? டீக்கடையில நாலு பேரு இருக்கறப்ப, "சாருக்கு ஹீட்டர் நம்மதான்"னு சொல்லிட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. விறகுக்காரரும் அங்கதான் இருந்தார்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நான் அடுத்தவன்ட்ட ஓசி வாங்குறவனா? "யோவ் பாய், சுவத்துல பாதி என்னுது. என் சுவரு சுடுதுன்னா அது என் சூடு. உன் சூடு என் வீட்டுக்குள்ள வர்றதுன்னா என்னக் கேட்டுட்டா வருது? காரையெல்லாம் வெடிக்குது. உன் சூட்ட உன் வீட்டுக்குள்ளயே வெச்சுக்க!"

சண்டை போடுவார், நானும் போடலாம்னு பாத்தேன். அந்த மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? மொகம் சுண்டிப் போய், டீக் கிளாஸக் கீழ வெச்சுட்டு, "மன்னிச்சுக்கங்க சார். இத்தன நாளு தொந்தரவுன்னு தெரியாமப் போச்சு"ன்னுட்டார். அவருக்கு ரெண்டு அடுப்பு. எங்க சுவத்த ஒட்டி இருக்கறது பழசு, ரோட்டுப் பக்கம் இருக்கறது புதுசு. அன்னியோட பழசை அணைச்சுட்டார். பெரிய ஆர்டர் வந்தாத்தான் இனி அதுல தீ வைக்கிறதுன்னு ஆள்கிட்டச் சொல்லிட்டாராம். இப்படி மரியாதை தெரியாத மனுஷன நான் பாத்ததே இல்ல.

மறுநா காலைல சுவரு செத்துக் கெடந்துச்சு. மாவு புளிக்கல. மங்கை மகளுக்குப் போன் போட்டு பஸ்ஸு என்ன என்ன நேரத்துக்கு இருக்குன்னு கேட்டா.

நானும் சும்மா இருக்கல தம்பி. இட்லிச் சட்டிய காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் கொதிக்க விட்டேன், அது சமையல் செலவு. பெட்டிப் பெட்டியா துணிய இஸ்திரி போட்டேன், அது இஸ்திரிச் செலவு. இஸ்திரி போட்ட சட்டைய அவ தோள்ல போத்திவிடுவேன், ஆறுனதும் அடுத்த சட்டை. என் வேட்டி எல்லாம் போட்டாச்சு, ஜன்னல் தெரை போட்டாச்சு, சாக்கு கூடப் போட்டாச்சு. கேஸ் சிலிண்டர் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள காலி. விறகே வாங்கியிருக்கலாம்னு மங்கை சொன்னா. விறகு வாங்குனா அது சூட்டுச் செலவாயிரும்னு அவளுக்குப் புரிய வைக்க முடியல.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. பழைய அடுப்பு பெரிய ஆர்டருக்குத்தான? பெரிய ஆர்டர் குடுத்தா?

என் பேர்ல குடுக்க முடியாது, மானம் போயிரும். அதனால கட்டில்ல உக்காந்து, வாயில கர்ச்சீப்ப வெச்சுக்கிட்டு, கொரல மாத்திப் பாய்க்குப் போன் போட்டேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கிறது எனக்கு இங்கயே கேக்குது. "ஏனுங் பாய், மேட்டுப்பாளையம் கதிரேசன் டீ ஸ்டாலுங். ஓனர் பேசறனுங். வாரா வாரம் ரெண்டு டின்னு வர்க்கி வேணுமுங்"னேன். நம்ம பேச்சுல அந்த 'ங்'கு வர்றது லேசுப்பட்ட காரியமில்ல. பாய் ரெண்டு தடவை இருமுனார். அப்புறம், "சரிங்க மொதலாளி"ன்னார். அந்த இருமல் எனக்குப் போன்லயும் கேட்டுச்சு, சுவத்துலயும் கேட்டுச்சு. நம்பிட்டார்.

பணமா? அதுலதான் நான் ஒஷாரு. கையில குடுத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்ல, அதனால போன்லயே போட்டு விட்டிருவேன். போன்ல போனா யாரு எவருன்னு யாருக்குத் தெரியப் போகுது? என்ன சிரிக்கறீங்க? ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா? சரி விடுங்க.

பாயோட ஆளு டின்ன இந்த பஸ்ஸுல ஏத்திவிடுவார். மேட்டுப்பாளையம் ஸ்டாண்டுல டீக்கடை ஆளு வந்து எடுத்துக்குவார்னு பேச்சு. நானும் இதே பஸ்ஸுல ஏறிக்குவேன். வீட்ல பல் டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். வாரா வாரமாங்குறீங்களா? ஆமா, வாரா வாரம்தான். மங்கை ஒரு நா கூட ஏன்னு கேட்டதில்ல. அவ அவ்வளவு அப்பாவி. இறங்குனதும் டின்னத் தூக்கிக்கிட்டு ஸ்டாண்டுல நிக்கறவங்க, பூக்காரம்மா, ஆட்டோக்காரங்க, காய்கறி மண்டி ஆளுங்கன்னு குடுத்துட்டு வருவேன். மொதல்ல கும்புட்டு வாங்குனாங்க. இப்ப என்னப் பாத்தா ஆட்டோ எல்லாம் சவாரி இல்லாமலே கெளம்பிப் போகுது.

ஆனா தம்பி, சுவரு உசுரு வந்திருச்சு. மொத ஆர்டர் அன்னிக்குக் காலைல கைய வெச்சா, சூடு! நான் ஓடிப் போயி, "மங்கை, வந்து பாரு"ன்னேன். அடுப்படில இல்ல. கொல்லையில இல்ல. வீட்லயே இல்ல. பஸ் ஏறிட்டாளோன்னு எனக்கு உசுரே இல்ல. பெட்டி இருந்துச்சு, ஆளக் காணோம். சூடான சுவத்துல சாஞ்சுக்கிட்டு மடையனாட்டம் உக்காந்திருந்தேன். சாயங்காலம் வர்றா, தலையெல்லாம் மைதா மாவு. என்னடின்னா, "பாய் வீட்டம்மா கூப்புட்டாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து பெரிய ஆர்டராம், மாவு மடிக்க ஆள் பத்தலயாம். அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து மடிச்சேன்"னா. கைய நீட்டிக் காமிச்சா. விரலு மடங்குது, நீளுது. கூலியும் குடுத்தாங்களாம். எவ்வளவுன்னு கேட்டேன், சொல்லல.

மக போன் பண்ணி எப்பம்மா வர்றன்னு கேட்டதுக்கு, "எங்கிட்டு வர்றது? ஆர்டர் இருக்குல்ல"ன்னா. எனக்குச் சந்தோஷத்துல கண்ணு தண்ணி வச்சிருச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவளுக்காக வீட்டச் சூடு பண்ணுனேன், அவ வீட்ல இல்ல. ரெண்டு டின்னுக்கு எதுக்கோ வாரத்துல நாலு நாளு அடுப்பு எரியுது, அந்த நாளெல்லாம் காலைல போனா சாயங்காலந்தான் வர்றா. நான் ஒத்தையில சுவத்துல சாஞ்சு கெடக்கேன். அந்தப் பக்கம் அவ சிரிக்கிறது கேக்குது. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல தம்பி. என்னதான் பேசறாங்கன்னு காத வெச்சுக் கேட்டேன். எல்லாம் மேட்டுப்பாளையத்தானப் பத்தித்தான். "அந்த ஆளு கொரலு இருக்கே, தொண்டையில கொழுக்கட்டை மாட்டுன மாதிரி"ங்கறா. பாய் வீட்டம்மா விழுந்து விழுந்து சிரிக்குது. அப்புறம் இவளே சொல்றா, "பாவம், நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்"னு.

நல்ல மனுஷனாம்! என்ன ஒரு நாளாச்சும் அப்படிச் சொல்லியிருப்பாளா?

இப்ப பங்குனி பொறந்தாச்சு. குளிரு போயிருச்சு. வீட்டுக்குள்ள அந்தச் சுவரு பக்கம் போக முடியல, அப்படிக் கொதிக்குது. கட்டில எதிர்ப் பக்கம் தள்ளியாச்சு. சாமி படத்தையும் எடுத்தாச்சு. ஃபேன் வாங்கிப் போட்டிருக்கேன், நேத்துத்தான். ஆனா ஆர்டர நிறுத்த முடியுமா? நிறுத்துனா பழைய அடுப்பு அணைஞ்சிரும், அவளுக்கு வேலை போயிரும், மறு பஸ்ஸுல விருதுநகர் போயிருவா. இந்த மேட்டுப்பாளையத்தான் ஒருத்தன்தான் அவள மலையில புடிச்சு வெச்சிருக்கான். நானில்ல. இல்லாத ஒருத்தன். அதுதான் தம்பி எனக்கு நெஞ்சுல குத்துது.

இருங்க, பையில இருந்தது தீந்து போச்சு. ஒங்க வீட்டுக்கும் கொஞ்சம் கட்டித் தாரேன். டின்னையே தொறப்போம். இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க. ஆங், வந்திருச்சு.

இது என்னது? வர்க்கிக்கு நடுவுல துணி சுத்தி ஏதோ இருக்கே. டிபன் பாக்ஸு. அட, இது எங்க வீட்டு டிபன் பாக்ஸுங்க! மூடில பாருங்க, 'மங்கை'ன்னு வெட்டியிருக்கு. அவ அம்மா வீட்டுச் சீரு. யாருக்கும் குடுக்க மாட்டா, மகளுக்கே குடுத்ததில்ல.

மேட்டுப்பாளையத்தானுக்குச் சோறு கட்டியிருக்கா!

பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா அநியாயத்த? தாலி கட்டுனவன் ஒருத்தன் பல் டாக்டர்ட்டப் போறேன்னு வாரா வாரம் வெறும் வயித்தோட கெளம்பறேன். ஒரு வாய் சோறு கட்டிக் குடுக்கணும்னு தோணல. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு, சீருப் பாத்திரத்துல! இது எத்தன நாளா நடக்குதோ. நான் ஸ்டாண்டுலதான் தொறப்பேன், மேலாப்புல இருக்கறதக் குடுத்துட்டு மிச்சத்த டின்னோட அந்த மண்டிக்காரங்ககிட்ட விட்டுட்டு வந்திருவேன். இல்ல இல்ல, பாத்திரம் வீட்ல கொறையலயே. இன்னிக்குத்தான் வெச்சிருக்கா. மொத தடவை. அவன் அப்படி என்ன பெரிய இவன்? நான் இப்பவே பாய்க்குப் போன் போட்டு, கதிரேசன் டீ ஸ்டால் மொதலாளி செத்துட்டாருங்னு சொல்லிர்றேன்.

இருங்க, என்னதான் கட்டியிருக்கான்னு பாத்துர்றேன். தொறக்கக் கூடாதுதான், அடுத்தவனோடது. ஆனா அவன் இல்லையே, நான்தான.

சாம்பார் சாதம். பக்கத்துல வெண்டைக்கா. அப்பளம் வெக்கல, ஊறுகா வெக்கல. ஒரு வாய் வெச்சுப் பாக்கறேன்.

உப்பே இல்ல.

இவ இப்படிச் சமைக்க மாட்டாளே. மத்தவங்களுக்குன்னா உப்பு, ஒறப்பு எல்லாம் தூக்கலாத்தான் போடுவா. உப்பில்லாமப் போடறது எனக்கு மட்டும்தான். எனக்கு பிரஷர் தம்பி, டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டார். மேட்டுப்பாளையத்தானுக்கு பிரஷர்னு நான் போன்ல சொல்லவே இல்லயே. வர்க்கி வேணும், ரெண்டு டின்னு வேணும், அவ்வளவுதான சொன்னேன்.

துணிய முழுசா அவுத்தா அடியில கரண்டியும் இருக்கு. என் கரண்டி.

தம்பி, அந்தப் பாக்ஸக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க. சூடா இருக்குல்ல? காலைல கட்டுனது. அடுப்புலருந்து எடுத்த வர்க்கி ஆறுறதுக்குள்ள நடுவுல பொதைச்சு வெச்சிருக்கா. ஆறக்கூடாதுன்னு நாலு பக்கமும் அண்டக் குடுத்து அடுக்கியிருக்கா பாருங்க.

எத்தன நாளாத் தெரியும் அவளுக்கு? ஒரு வார்த்தை கேக்கல. பல்லு எப்படி இருக்குன்னு கூடக் கேக்கல.

ஜன்னல நீங்க தொறந்துக்கங்க, வேர்க்குது. எனக்கு வேண்டாம், நான் இப்படியே வெச்சுக்கறேன் மடியில.

கண்டக்டர் விசிலடிக்கிறார், ஸ்டாண்டு வந்திருச்சு. நீங்க எறங்க வேண்டியதுதான? எறங்குறதுக்கு முன்னால ஒரே ஒரு உதவி. அடுத்த வாரத்து ஆர்டர இப்பவே சொல்லிரணும், இன்னிக்கு அவங்க மாவு வாங்கற நாளு. இந்தாங்க போன், நம்பர் போட்டுட்டேன். நீங்க பேசுங்க. மேட்டுப்பாளையம் ஆர்டர், மூணு டின்னுன்னு சொன்னாப் போதும். எனக்கு வாய் நெறையச் சோறு, அந்த 'ங்' வராது.